ஐம்பது வருஷ மயில்

யாராலும் ஐம்பது வருஷத்துக்குக் காப்பியடிக்க முடியாத அரிவாள்மணை உலகத்தில் ஒன்று உண்டென்றால், அது வில்லியனூர்க் கொல்லர் சவரிமுத்து செய்த மயில் வடிவ அரிவாள்மணைதான். அந்த உருவத்தைப் புதுச்சேரிக்குப் போய்ப் பிரெஞ்சு சட்டப்படி பதிந்துவிட்டு வந்திருந்தார்.

"மொதல்ல இருபத்தஞ்சு வருஷம். திரும்பக் கேட்டா இன்னும் இருபத்தஞ்சு. அடுத்தவன் மூளையில சோறு துன்ற பயலுவ எவனும் கிட்ட வர முடியாது" என்றார் மனைவி மதலேனிடம்.

இரண்டு வருஷம் காத்திருந்தார். திருட ஒருவரும் வரவில்லை. ஆள் பாதியாக இளைத்துப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தியாள் வீட்டுக்குப் போனவர், கையில் ஒரு அரிவாள்மணையோடு ஓடி வந்தார்.

"திருடிட்டான்டி. உறுவையாறு கொல்லன் பக்கிரி என் மயிலத் திருடிட்டான். ஒன் தங்கச்சி வூட்டுலயே இருக்குது. நாளைக்கே கோர்ட்டுக்கு இழுக்கறேன்."

முகத்தில் கல்யாணக் களை. அன்று இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

"கோர்ட்டெல்லாம் வேணாம்யா" என்றாள் மதலேன்.

"இன்னாத்துக்கு வேணாம்?"

"செய்யச் சொன்னதே நான்தான். ஒருத்தனும் திருடலியேன்னு நீ துரும்பா எளைச்சிக்கினு கெடந்தே. அந்த ஆளு மாட்டேன்னுதான் சொன்னாரு, நான்தான் கெஞ்சினேன். உன் மயிலு மூக்கு கையில குத்துதுன்னு, அவராவே அதக் கீழ வளைச்சிக் குடுத்தாரு."

மதலேன் அடுப்படிக்குப் போனதும் சவரிமுத்து தெருப்பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு நூலை எடுத்து, பக்கிரி வளைத்த மூக்கை அளந்துகொண்டு உலைக்குப் போனார்.