கடைசிப் பல்லவி

ஹெட்போனைக் கழற்றி டிரம்ஸின் மேல் வைத்தான்.

"கம்ப்யூட்டர்லயே போட்டிருங்க" என்றான்.

பதினேழு முறை ஆயிற்று. பதினேழு முறையும் கடைசிப் பல்லவியில் தாளத்தை விட்டு முன்னால் ஓடிவிட்டான்.

காதுக்குள் தாளம் காட்டும் கிளிக் அடித்துக்கொண்டே இருக்கும். டக், டக், டக். அதோடு போனால் போதும். ஒன்பது பாட்டுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படித்தான் வாசித்து முடித்தான். பத்தாவதில் அந்தப் பருப்பு வேகவில்லை.

பத்தாவதுதான் அவர்களுடைய முதல் பாட்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நாகர்கோவிலில், செட்டிகுளத்து பஞ்சர் கடை மாடியில் நான்கு பேருமாகச் சேர்ந்து போட்டது. 'தெற்கத்தி ராக்' என்று போஸ்டரில் போடுவார்கள். எந்தக் கல்லூரி மேடையில் ஏறினாலும் கடைசியில் இந்தப் பாட்டைத்தான் கேட்பார்கள். கடைசிப் பல்லவி வந்துவிட்டால் அவனுக்குக் கை நிற்காது, வேகம் எடுத்துவிடும். கூட்டம் எழுந்து ஆடும். அங்கே யார் கடிகாரம் பார்த்தார்கள்?

ஸ்டுடியோ பார்த்தது.

சவுண்ட் இன்ஜினியர் வைதேகி நல்ல பெண். திரையில் கோட்டைக் காட்டி, இவ்வளவு முன்னால் போய்விடுகிறது அண்ணா என்று தன் தப்பைச் சொல்வதுபோலச் சொன்னாள். ஆறு மணிக்கு வேறு ஆட்கள் வந்துவிடுவார்கள். சாலிகிராமத்தில் இந்த அறை மறுபடி கிடைக்க மூன்று மாதம் ஆகும். இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் டிரம்ஸைக் கம்ப்யூட்டரில் போட்டுவிடலாமா என்று கேட்டாள். மற்றவர்கள் பதில் சொல்வதற்குள் அவனே போட்டுவிடச் சொன்னான்.

ஆல்பம் அட்டையில் டிரம்ஸுக்கு நேராக அவன் பெயர்தான் வரும் என்றான், பாடுகிற ஜெபசிங்.

ஆறுதலுக்குச் சொன்னது. அதுதான் சுருக்கென்று தைத்தது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து, வைதேகிக்குப் பின்னால் சோபாவில் உட்கார்ந்தான். குச்சிகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தொடைக்கடியில் வைத்துக்கொண்டான்.

கம்ப்யூட்டர் டிரம்ஸ் தொடங்கியது.

சுத்தம். ஒரு பிசிறு இல்லை. மாப்பிள்ளை வீட்டாரைப்போலக் குறை தேடினான். கிடைக்கவில்லை.

ஜெபசிங் பாடினான். பெலிக்ஸ் கிட்டாரோடு குனிந்துகொண்டான். பேஸ் வாசிக்கிற சுயம்பு வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டான். பாவி, கண்ணை மூடினால் அழகாக இருக்கிறாய் என்று எவளோ ஒருத்தி எப்போதோ சொல்லித் தொலைத்திருக்கிறாள்.

மேடையில் இவர்களுடைய முதுகுதான் அவனுக்குத் தெரியும். வாசிக்கும்போது முகங்களைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

மூன்று தடிப்பயல்களையும் அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பாட்டு நன்றாக வர வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டான். கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது. பொய் சொல்வானேன்.

கடைசிப் பல்லவி வந்தது.

மூன்று பேரும் ஓடினார்கள்.

ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்த சுயம்புவும் ஓடினான். ஒரே இடத்தில், ஒரே வேகத்தில். கம்ப்யூட்டர் டிரம்ஸ் மட்டும் தன்பாட்டுக்குப் பின்னால் நடந்து வந்தது. நாலு வரியில் எல்லாம் குலைந்து நின்றது.

வைதேகி மறுபடி போட்டாள்.

மறுபடியும் ஓடினார்கள்.

மூன்றாவது தடவை ஜெபசிங் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். பெலிக்ஸ் தன் தப்பு என்றான். இல்லை, தன் தப்பு என்றான் சுயம்பு.

என்றைக்காவது ஒருநாள் இவர்கள் தன்னைத் திட்டப் போகிறார்கள் என்று பன்னிரண்டு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தான். ஒருவனும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர்களுக்குத் தெரியவே தெரியாது போல என்று நினைத்திருந்தான். அவன் ஓடுகிற இடத்தில் கூடவே ஓடப் பழகியிருக்கிறார்கள்.



சுயம்பு மைக்கின் பக்கம் குனிந்தான்.

"உள்ள வா மக்கா. இது நம்ம கூட ஓடி வரமாட்டேங்கு."

வைதேகி கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து இருபது. திரையில் இருந்த கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டி கிளிக்கை நிறுத்தினாள்.

போங்கண்ணா என்று சொல்லத் திரும்பினாள்.

சோபா காலியாக இருந்தது. குச்சிகளையும் காணோம்.