கடலில் இறங்கிய கங்காணி

கடற்கரையில் நின்றவர்கள் நான்கு பேர்: கஹவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கங்காணியாக இருந்து ஓய்வுபெற்ற ஏழுமலை, அவர் மனைவி மருதாயி, மருதாயியின் தம்பி மூக்கையா, வேன் சாரதி ஸம்சுதீன். ஐந்தாவது ஆளான மகள் ஷாமிளா, கரையிலிருந்து நூறடி தள்ளி அலைச்சறுக்குப் பலகையின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

ஆறாவதாகவும் ஒன்று இருந்தது. தண்ணீருக்கு மேலே அதன் முதுகுத் துடுப்பு மட்டும் தெரிந்தது.

"மோரா ஐயா, மோரா," என்றார் ஸம்சுதீன். பதற்றத்தில் அவருக்குச் சிங்களம்தான் வந்தது. "சுறா."

ஏழுமலை பயந்து யாரும் பார்த்ததில்லை. நாற்பது வருஷம் மலையில் ஆள் வைத்து வேலை வாங்கியவர். அன்று விடியற்காலை மழையில், தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் வேனுக்கு இறங்கும்போது மற்றவர்கள் ரத்தம் குடிக்கிற அட்டைக்குப் பயந்து காலில் சவுக்கார நுரை பூசிக்கொண்டார்கள். "எங்க வம்சத்துல யாரும் பூசினதில்ல," என்று அவர் மட்டும் வெறுங்காலோடு முன்னால் நடந்தார். அந்தக் கால்கள் இப்போது மணலில் ஓரடி பின்வாங்கின.

மகளைக் கையோடு கூட்டிப்போகத்தான் வந்திருந்தார். வெள்ளைக்காரர்களுக்கு அலையில் சறுக்கக் கற்றுக்கொடுப்பது கங்காணி வீட்டுப் பெண் செய்கிற வேலையா என்று தோட்டத்தில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். "ஒரு தரம் நான் செய்றத பாருங்கப்பா. பார்த்துட்டும் வான்னா வர்றேன்," என்று சொல்லிவிட்டுத்தான் ஷாமிளா கடலுக்குப் போனாள்.

"கரைக்கு வாம்மா," என்று ஏழுமலை கூப்பிட்டார்.

அவள் வரவில்லை. பேசாமல் நில்லுங்கள் என்பதுபோல் உள்ளங்கையைக் காட்டினாள். துடுப்பு ஒரு சுற்றுச் சுற்றி அவள் பலகைக்குப் பின்னால் மறைந்தது.

"வேணாம் மச்சான்," என்று மூக்கையா தோளைப் பிடிப்பதற்குள் ஏழுமலை வேட்டியோடு இறங்கிவிட்டார். அறுபத்தாறு வயதில் முதல் தடவையாக அவர் காலில் கடல் படுகிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது, முழங்காலுக்குக் கீழே ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு போனது.

ஷாமிளா பலகையோடு அவரருகே வந்து கையைப் பிடித்தாள்.

"தண்ணிய அடிக்காதீங்கப்பா. அசையாம நில்லுங்க. இது சின்னச் சுறா, நான் அடிக்கடி பாக்கிறதுதான். கடல் அது குடியிருக்கிற லயத்து வீடு. நாங்கதான் சொல்லாம வந்தவங்க."

துடுப்பு நேராக அவர்களை நோக்கி வந்தது. பத்தடி. ஐந்தடி. பிடித்திருந்த இரண்டு கைகளில் நடுங்குவது தன்னுடையதுதான் என்று ஏழுமலைக்குத் தெரிந்தது. கடைசி நேரத்தில் அது, வேலையாகப் போகிற நாயைப்போல, அவர்களைச் சட்டை செய்யாமல் விலகி ஆழத்துக்குப் போனது.

கரையேறியபோது மருதாயி வாயைப் பொத்திக்கொண்டாள். நனைந்த வெள்ளை வேட்டியில் முழங்காலுக்குக் கீழே முழுக்கச் சிவப்பு.

"கடிச்சிருச்சு," என்றான் மூக்கையா.

வலியே இல்லை. அதுதான் ஏழுமலையைக் கூடுதலாகப் பயமுறுத்தியது. கூரான பல் இறங்கினால் வலி பிறகுதான் வரும் என்று கேள்விப்பட்டிருந்தார். மணலில் உட்கார்ந்தார், முதுகை மட்டும் வளைக்கவில்லை.

"மருதாயி, என்னைய இங்க போட்டுறாத. தோட்டத்துக்குக் கொண்டு போயிரு." பிறகு மகளைப் பார்த்தார். "நீ வர வேணாம். உன் வேலையப் பாத்துக்கிட்டு இங்கயே இரு. அது முன்னால நீ நின்ன மாதிரி நம்ம வம்சத்துல ஒரு ஆம்பள நின்னதில்ல. இது அப்பன் வாக்கு."

மருதாயி வேட்டியை விலக்கிக் காலைப் பார்த்தாள். ஷாமிளாவும் குனிந்து பார்த்தாள். தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாக்குத் தந்துட்டீங்க இல்லையா?" என்றாள் மருதாயி.

"தந்துட்டேன்."

அவள் துவாயைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். "அப்ப இதப் பாக்காதீங்க. படுங்க."

"ஆஸ்பத்திரிக்கு விடவா?" என்று ஸம்சுதீன் வேனைத் திறந்தார்.

"வேணாம் தம்பி, வீட்டுக்கே விடுங்க," என்றாள் மருதாயி.

மனைவி தன் கடைசி ஆசையை நிறைவேற்றுகிறாள் என்று ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டார்.

ஆனால் அவர் சாகவில்லை. மறுநாள் காலை தனியாக உட்கார்ந்து கட்டை அவிழ்த்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வேட்டியைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டுக்கொண்டு கோயிலடிக்கு நடந்தார்.

மூக்கையாவின் கதை அவருக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. பாதிக் கெண்டைக்காலைச் சுறா கொண்டுபோய்விட்டதாம்; மச்சான் அதன் மூக்கில் ஒரு குத்துவிட்டு விரட்டினாராம். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். அந்த மரியாதை ஏழுமலைக்குப் பிடிக்காமலில்லை.

கோயில் தலைவர்தான் தொண்டையைச் செருமினார். "எல்லாஞ் சரிங்க கங்காணி. அப்பனையே கடிச்ச கடல்ல பொம்பளப் புள்ளைய விட்டுட்டு வந்திருக்கீங்களே. நாளைக்கே போய்க் கூட்டிட்டு வந்துருங்க."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

ஏழுமலை நிமிர்ந்து நின்று, எல்லோரும் பார்க்க, வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினார்.

"எம் மக அங்கதான் இருப்பா. என்னையக் கடிச்சது சுறா இல்ல, அட்டை."