ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்

“அய்யோ, அப்படிக் கிடையாது சார். மொத்தத்துக்கும் முப்பது பர்சென்ட் போட மாட்டாங்க. மேடம் அன்னைக்குப் பிரமோஷன வாங்கியிருந்தாலும், பத்து லட்சத்தத் தாண்டுற அந்த நாப்பதாயிரத்துக்கு மட்டுந்தான்.”

ஆடிட்டர் ஷாஹினா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எதிரே உட்கார்ந்திருந்த தங்கமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“தாண்டிட்டா எல்லாமே மேல் ரேட்டுக்குப் போயிரும்லம்மா?”

“போகாது சார். கீழ உள்ளதுக்குக் கீழ் ரேட்டுதான். எப்பவும்.”

அவள் ஒரு தாளை இழுத்துக் கோடு போட்டாள். கோட்டுக்குக் கீழே பத்து லட்சம், மேலே நாற்பதாயிரம். மேலே இருந்ததற்கு மட்டும் முப்பது பர்சென்டும் அதன் மேல் நாலு பர்சென்ட் செஸ்ஸும் கணக்குப் போட்டு, வந்த விடையைப் பேனாவால் வட்டமிட்டாள். 12,480.

தங்கமுத்து அந்த வட்டத்தையே பார்த்தார்.

நான்கு வருடங்களுக்கு முன் அவரும் ஒரு வட்டம் போட்டிருந்தார். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில். அதற்குள் இருந்த எண் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம்; மொத்தப் பத்து லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் முப்பது பர்சென்ட்.

அவர் மனைவி அன்புக்கரசிக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்திருந்த வாரம் அது. புதுப் பள்ளி நாகல் நகரில் இருந்தது. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். தினமும் சேவுகம்பட்டிக்கு இரண்டு பஸ் ஏற வேண்டியதில்லை. செம்பட்டியில் இறங்கி, லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்து, அடுத்த பஸ்ஸுக்கு ஓட வேண்டியதில்லை.

“கூடுற சம்பளத்தப் போல மூணு பங்கு வரியில போயிரும். வேணாம்னு எழுதிக் குடுத்துரு.”

“நல்லா விசாரிச்சீங்களா?”

“ஏன்டி, எனக்கா ஸ்லாப் தெரியாது?”

அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? மின்வாரியத்தில் இருபத்தெட்டு வருடம் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்தவர். ஐந்நூறு யூனிட் வரை ஒரு விலை. ஐந்நூற்று ஒன்று ஓடிவிட்டால் போதும், முன்னால் ஓடியவற்றுக்கும் சேர்த்து விலை மாறிவிடும். அந்த ஒரு யூனிட்டுக்காகத் திண்டுக்கல்லின் எத்தனையோ வாசல்களில் அவர் வசவு வாங்கியிருக்கிறார்.

சொந்த வீட்டில், இரண்டு மாதக் கணக்கு முடியும் வாரத்தில், பிரிட்ஜைக்கூட அணைத்துவிடுவார். “இந்த மனுசன் தாலி கட்டுனது எனக்கில்ல, மீட்டருக்கு” என்று அன்புக்கரசி முந்தானையால் விசிறிக்கொண்டே பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது இருநூறுகூட ஓடுவதில்லை. எல்லா அறையிலும் விளக்கை எரியவிட்டுத்தான் படுக்கிறார். அப்போதும் ஓடுவதில்லை.

பதவி உயர்வு வேண்டாம் என்ற அந்தக் கடிதத்துக்கு அவர்தான் வாசகம் சொன்னார். அவள் குண்டு குண்டான எழுத்தில் எழுதினாள். கையெழுத்துப் போடும் முன் பேனாவை ஒரு கணம் நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு போட்டுவிட்டாள்.

“எங்க வீட்டு மீட்டரயும் நீங்கதான சார் பாப்பீங்க?” ஷாஹினா கீபோர்டைத் தட்டிக்கொண்டே பேசினாள். “ஐநூத்தி ரெண்டுன்னு எழுதிட்டு நீங்க பாட்டுக்குப் போயிருவீங்க. அன்னைக்குப் பூரா எங்கத்தா ஃபேன் பக்கமே எங்கள விட மாட்டாரு. ஆனா கரண்டு பில்லு வேற, இது வேற சார்.”

“ஆமாம்மா. வேறதான்.”

“விடுங்க, இன்னும் சர்வீஸ் இருக்குல்ல? அடுத்த கவுன்சலிங்ல மேடத்த வாங்கிக்கிரச் சொல்லுங்க. இம்புட்டு வருசம் செம்பட்டியில பஸ் மாறுனது போதும்.”

தங்கமுத்து தலையை மட்டும் ஆட்டினார். வந்த விஷயத்தை அவர் இன்னும் சொல்லவில்லை. மாடிப்படி ஏறும்போது வாய் வரைக்கும் வந்தது. உட்கார்ந்ததும் வரிக்கணக்கு குறுக்கே வந்துவிட்டது.

“ரிட்டர்ன் ரெடி சார். மேடம் நம்பருக்கு ஓடிபி அனுப்புறேன். போன் பண்ணிக் கேட்டுச் சொல்லுங்க.”

அவர் எழுந்திருக்கவில்லை. யாருக்கும் போன் செய்யவும் இல்லை.

பக்கத்து நாற்காலியில் அவர் கொண்டுவந்து வைத்த அன்புக்கரசியின் கைப்பை இருந்தது. அதற்குள்ளிருந்து மணிச்சத்தம் ஒன்று கேட்டது.

இருவரும் பையைப் பார்த்தார்கள். மேஜை மின்விசிறி மெதுவாக அந்தப் பக்கம் திரும்பி, பையின் வாரை அசைத்துவிட்டு, மறுபடி இவர்களிடம் வந்தது.

“அட, போன விட்டுட்டா ஸ்கூலுக்குப் போயிருக்காங்க?”

தங்கமுத்து பையைத் திறந்தார். மாதாமாதம் அவரே ரீசார்ஜ் செய்துவரும் அந்த போன் உள்ளே ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதை எடுக்கவில்லை. அதனடியில் நான்காக மடித்து வைத்திருந்த தாளை எடுத்தார். மேஜையில் விரித்து உள்ளங்கையால் நீவிவிட்டார்.

ஷாஹினா குனிந்து படித்தாள். அரசு முத்திரை. அன்புக்கரசியின் பெயர். மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு தேதி. இறந்த இடம் என்ற கட்டத்தில் செம்பட்டி என்று இருந்தது.

அவள் விரல்கள் கீபோர்டிலிருந்து இறங்கின.

பைக்குள் போன் தானாக அணைந்தது.

தங்கமுத்து, வட்டம் போட்ட தாளை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இந்தப் பன்னெண்டாயிரத்து நானூத்தி எண்பத இப்பக் கட்டிர்றேன்மா. நாலு வருசத்துக்கும் சேத்துக் கட்டிர்றேன். அவ அந்தப் போஸ்ட்ட வாங்கிக்கிட்ட மாதிரி ஒரு தடவ போட்டுக் குடும்மா.”