மாம்பழம் இல்லாத மாம்பழ யூஸ்

குசினி மேசையில் மூன்று ரின்களும் வெறுமையாகக் கிடந்ததைக் கண்டதும் ஜனார்த்தனன் ஒன்றை எடுத்துக் குலுக்கிப் பார்த்தான்.

"அம்மா, இதுக்குள்ள இருந்தது எங்க?"

"வந்த ஆக்களுக்கு வார்த்துக் குடுத்திட்டன் தம்பி. ஐஸ்கட்டியும் போட்டனான். நல்லா நுரைச்சு வந்தது" என்றார் பத்மாசனி பெருமையாக.

"ஐயோ அம்மா! அது பியர்!"

"என்னடா விசர்க்கதை கதைக்கிறாய்? ரின்னில மாம்பழப் படம் கிடக்கு. நேற்று நீயே தங்கச்சிக்குச் சொன்னனி, மாம்பழம், தோடம்பழம் எண்டு. இதுக்குள்ள நிண்டு நானும் கேட்டனான்."

கேட்டது உண்மைதான். ஆனால் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்.

கனடாவில் சின்னதொரு பியர் ஆலையில் வேலை செய்கிறவன் ஜனார்த்தனன். லீவில் தர்மபுரம் வந்த நாள் முதல் தங்கை யதுர்ஷிகாவுக்கு அந்தப் புராணம்தான் படிக்கிறான். ஹொப் என்று ஒரு கொடி, அதன் பூவை அள்ளிப் போட்டுக் காய்ச்சினால் ஐ.பி.ஏ. என்கிற பியர். அதில் ஒரு வகை கண்ணாடி மாதிரித் தெளிவு, வாயில் வைத்தால் வேப்பம்பூக் கசப்பு. இன்னொரு வகை கலங்கல். கசப்புக் குறைவு, ஒரு துண்டு பழம்கூடப் போடாமலே மாம்பழமும் தோடம்பழமும் மணக்கும். கிளிநொச்சிச் சிநேகிதனுக்கென்று அவன் கொண்டுவந்து பிரிட்ஜில் வைத்தது இந்தக் கலங்கலைத்தான்.

"ருசி பாக்கேல்லையோ அம்மா?"

"வந்த ஆக்களுக்கு முதல் நான் வாய் வைக்கிறதோ?" என்ற பத்மாசனி, சொல்லி முடிக்குமுன் கதிரையில் இருந்துவிட்டார்.

வந்திருப்பவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. மாப்பிள்ளையின் தகப்பன் ஏரம்பு, துணுக்காய்ப் பக்கம் தன் ஊர்க் கள்ளுத் தவறணைக்கு முன்னால் பாய் விரித்துக் குந்தியிருந்து அதை மூடவைத்த மனிதர். பூவரசங்குளத்தில் பொம்பிளை பார்க்கப் போன வீட்டில், பொம்பிளையின் தகப்பனிடம் லேசாகச் சாராயம் மணந்ததற்கே தேத்தண்ணி குடியாமல் எழும்பி வந்தவர். யதுர்ஷிகாவுக்கோ அவருடைய மகன் தயாபரன்தான் உயிர். எவ்வளவோ மன்றாடி இன்றைக்குத்தான் தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

ஜனார்த்தனனும் தாயும் தங்கையும் குசினிக் கதவு நிலையோடு ஒதுங்கி நின்று, வந்தவர்களைப் பார்த்தார்கள். நடுவில் போய்ப் பறிக்கவும் முடியாது.

ஏரம்பு கிளாஸைத் தூக்கி ஒரு மிடறு குடித்தார். அவருடைய புருவம் மெல்ல மேலே போனது.

யதுர்ஷிகா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இஞ்சேரும், உமக்குச் சீனி வருத்தமெல்லோ. வையும் அதை" என்று மனைவி பிரேமிளாவின் கையிலிருந்த கிளாஸை ஏரம்பு வாங்கினார்.

"ஒரு வாய்தானே அப்பா..." என்றார் பிரேமிளா.

"ஒரு வாயும் வேண்டாம்." மகனிடம் திரும்பினார். "உனக்குத் தடிமன். ஐஸ் போட்டதைக் குடியாத. தா இஞ்சால."

"எனக்கெங்க தடிமன்?"

"தா எண்டுறன்!"

தட்டத்தில் மூன்று கிளாஸையும் அடுக்கிக்கொண்டு எழும்பினார். "உள்ளுக்க ஒரே வெக்கையாக் கிடக்கு. நான் பின்வளவில காத்தாட நிண்டு குடிச்சிட்டு வாறன்."

ஜனார்த்தனனுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது.

"பாத்தியே உன்ர மாமாவை! ஊரில தவறணையை மூடிப்போட்டு, இஞ்ச வந்து மனுசி பிள்ளையின்ர பங்கையும் பறிச்சுக் குடிக்கிறார். இந்த வேசக்காரர் வீட்டுக்கோ நீ மருமகளாப் போகப்போறாய்?"

"மெதுவாக் கதையுங்கோ அண்ணா" என்றாள் யதுர்ஷிகா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஏரம்பு சால்வையால் வாயைத் துடைத்தபடி திரும்பி வந்தார்.

"இப்பிடியொரு யூஸ் நான் சீவியத்தில குடிச்சதில்லை, தங்கச்சி" என்றார் பத்மாசனியைப் பார்த்து.

ஜனார்த்தனனுக்குப் பொறுக்கவில்லை. வெறும் கிளாஸ்களையாவது கண்ணால் பார்ப்போம் என்று பின்வளவுக்கு விறுவிறென்று போனான்.

கிணற்றுக்கட்டில் மூன்று கிளாஸும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்து வாழையடியில் மண் ஈரமாகி வெள்ளை நுரை பொங்கி நின்றது. இன்னும் உருகாத ஐஸ்கட்டிகள் அதற்குள் கிடந்தன. வாழையடி முழுக்க மாம்பழம் மணந்தது.

அவன் அங்கேயே நின்றுவிட்டான். தேடி வந்த தாயும் அதைப் பார்த்தார்.

வெளிக்கிடும்போது ஏரம்பு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "எங்களுக்குப் பிள்ளையை நல்லாப் பிடிச்சிருக்கு. ஆவணிக்குள்ள ஒரு நாள் பாருங்கோ."

ஜனார்த்தனன் ஓடிப்போய் வான் கதவைத் திறந்து பிடித்தான். அவரை நிமிர்ந்து பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"அண்ணை, அது வந்து... நான் தெரியாமல்..." பத்மாசனியின் கண் கலங்கியது.

ஏரம்பு, மனைவி வானுக்குள் ஏறிவிட்டாரா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கலியாணத்தில மற்றதெல்லாம் உங்கட விருப்பம், தங்கச்சி. யூஸை மட்டும் நாங்கள் கரைச்சுக் கொண்டு வாறம்."