சிரித்த முகத் திராட்சை

சந்தோஷமான குடும்பத்தில் விளைந்த திராட்சைக்குத்தான் நகரத்தில் இப்போது கிராக்கி. அதனால் கம்பம் ஊரில் ராசாங்கத்தின் திராட்சைப் பந்தலிலும் கம்பெனிக்காரர்கள் கேமரா மாட்டியிருந்தார்கள். பந்தலுக்குள் புருஷன் பெண்டாட்டி முகம் சுளித்தால் பழத்தின் தரம் இறங்கிவிடும்.

அறுவடை நெருங்கிய நேரத்தில், பெண்டாட்டி தவமணி ஆசையாக வளர்த்த வெள்ளாட்டை ராசாங்கம் அவளைக் கேட்காமலே தன் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டார். பெரிய தர்மப்பிரபு! தவமணி ஏனென்று கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே குலை வெட்டினாள். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சோறும் போட்டாள். அதைப் பார்க்கத்தான் அவருக்குப் பயமாக இருந்தது.

"ஏ தவமணி, நம்ம பழம் முதல் தரமாம்," என்றார் மறுநாள் பந்தலில் செல்போனைப் பார்த்து.

"நல்லதுங்க."

"ஆட்டைப் பத்தி ஒரு வார்த்தை கேளேன்."

"பந்தலுக்குள்ளயா? தரம் எறங்கிரும்ங்க."

"அப்ப வெளிய வந்து திட்டு."

"வெளியயும் வர மாட்டேங்குதுங்க. வாயைத் தொறந்தா சிரிப்புதான் வருது."

ராசாங்கம் கத்தரியைக் கீழே போட்டார். "எறங்குனா எறங்கட்டும். இங்கயே திட்டு, புள்ள."

தவமணி கேமராவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "அது என் ஆடுய்யா..." என்றபோது குரல் உடைந்தது. அப்புறம் அவர் தங்கச்சி, அவர் ஆத்தா, கல்யாணத்தில் உப்பில்லாமல் போட்ட சாம்பார் என்று எதையும் மிச்சம் வைக்கவில்லை.

செல்போன் இரண்டாம் தரம் என்றது. மூன்றாம் தரம் என்றது. கடைசியில், ஜூஸ் ஆலைக்கு மட்டும் என்றது.

ராசாங்கம் அதை மடியில் செருகிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அப்புறம்?" என்றார்.