மூன்று மாதச் சர்க்கரை

“ஒன்பது புள்ளி ரெண்டு!” ரிப்போர்ட்டை மேசையில் அறைந்தாள் மனைவி. “மூணு மாசமா எனக்குத் தெரியாம என்னவெல்லாம் உள்ள தள்ளுனீங்க?”

இருபது வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்திக்கொண்டிருப்பவர் அவள் கணவர். அந்தக் காகிதத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“பொய் மட்டும் சொல்லாதீங்க. சர்க்கரை ரத்த அணுவுல ஒட்டிக்கிட்டு மூணு மாசக் கதையையும் சொல்லிடும்னு பாடம் எடுத்ததே நீங்கதான்.”

“நான் எங்க இல்லேன்னேன்?”

“உங்க பையில பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்தப்பவே நினைச்சேன். அதான் ரெண்டு பேரும் ரத்தம் கொடுப்போம்னு பிடிவாதமா நின்னேன். எனக்குப் பாருங்க, அஞ்சு புள்ளி நாலு! காபிக்கு மூணு ஸ்பூன் சர்க்கரை போட்டாலும் நான் ஓடியாடி வேலை செய்யறவ.”

சொல்லிக்கொண்டே மூன்றாவது ஸ்பூனைத் தன் காபியில் கொட்டினாள். அவர் சட்டென்று எழுந்து தம்ளரைப் பிடுங்கி, காபியைத் தொட்டியில் கவிழ்த்தார்.

“நல்லா இருக்கே! உங்களுக்குச் சர்க்கரை வந்தா எனக்கு எதுக்குப் பத்தியம்?”

“உன்கிட்ட திட்டு வாங்கப் பயந்து…” தம்ளரைக் கீழே வைத்தார். “நம்ம ரத்தம் எடுத்த ரெண்டு குழாயிலயும் பேர் ஸ்டிக்கரை மாத்தி ஒட்டிட்டேன். அந்த ஒன்பது புள்ளி ரெண்டு உன்னோடது.”

அவள் கையிலிருந்த ஸ்பூன் நழுவியது.

“செருப்பைப் போடு, டாக்டர்கிட்ட போகலாம்,” என்றார். “திட்டறதை வழியில திட்டிக்கோ.”