குடையை வாங்க வந்தவன்

கடைசி முறத்தில் இன்னும் நாலு கை ஏலக்காய்தான் இருந்தது.

ஏலக்காயைத் தரம் பிரிக்கும் எங்கள் ஸ்டோரில் ஒரு வழக்கம். ஒரு லோடு காய்க்கு ஒரு கதை. லோடு வந்து இறங்கும்போது தொடங்கினால், கடைசி முறத்தைத் தரம் பிரித்து முடிக்கும்போது கதையும் முடிந்துவிட வேண்டும். பாதியில் நிற்கிற கதையை வைத்துக்கொண்டு அடுத்த மூட்டையைத் தொட மாட்டார்கள்.

இந்தக் கதையைத் திங்கட்கிழமை தொடங்கினேன். போடிமெட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புக்காரன் ஒருவன். தோட்டத்தில் காய் எடுக்கும் சூர்யகலா. அவன் வெளியூருக்குப் பிழைக்கப் போகிறான். போகும்போது தன் மஞ்சள் குடையை அவளிடம் கொடுத்து, வந்து வாங்கிக்கொள்கிறேன் என்கிறான்.

காதல் கதைக்கு முடிவை முதல் நாளே உள்ளே வைத்துவிட வேண்டும். திடீரென்று சேர்த்தாலும் கேட்கிறவர்களுக்கு மனசு ஆறாது, திடீரென்று பிரித்தாலும் ஆறாது. அதற்குத்தான் குடை. மூன்று நாளில் பத்துத் தடவையாவது விரித்துக் காட்டியிருப்பேன்.

ஆனால் இன்று காலை வீட்டிலிருந்து கிளம்பும்போதே, இவர்களைப் பிரித்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தேன்.

எதிரே சிவரஞ்சனி உட்கார்ந்திருந்தாள். அவளும் வெளியூர் போன ஒருவனுக்காக இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறாள். நாளைக்குத் தேவாரம் ஊரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். நல்ல இடம். சரி என்பதா வேண்டாம் என்பதா என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. கதையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிரித்து வைத்த பச்சைக் காயில் ஒரு பிடி அள்ளி, யாருக்கும் தெரியாமல் மறுபடி முறத்தில் போட்டாள்.

நான் பார்க்காதது போல இருந்தேன்.

"ரெண்டு வருஷமாச்சு. அவன்கிட்டருந்து ஒரு தகவலும் இல்ல" என்று மெதுவாக ஆரம்பித்தேன். "போன ஊர்ல அவனுக்கு வேற ஒரு..."

பக்கத்தில் இருந்த அய்யம்மாள் முறத்தைத் தட்டினாள். "அப்ப அந்தக் குடைய எதுக்குப் பெரியம்மா அம்புட்டுத் தடவ சொன்னீக? எங்கள நனைய விடவா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிவரஞ்சனி சிரிக்கவில்லை. கையிலிருந்த வெடித்த காயைக் கழித்துப் போடாமல், விரலுக்குள் பிடித்தபடி என் வாயையே பார்த்தாள்.

மனசுக்குள் அந்தக் குடையைத் தொலைத்துப் பார்த்தேன். காற்றில் பறக்க விட்டும் பார்த்தேன். என்ன செய்தாலும் அது திரும்பி வந்து விரிந்து நின்றது. நான் வைத்த குடைதான். என் பேச்சைக் கேட்கவில்லை.

முறத்தில் பத்துக் காய் இருக்கும்.

"மழை பெய்யிற ஒரு சாயங்காலம், பஸ்ச விட்டு எறங்குனான்" என்றேன். வேறு யாரோ சொல்வது போல இருந்தது. "அவ முன்னால வந்து, என் குடையக் கொண்டான்னு கைய நீட்டுனான்."

அய்யம்மாள் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். முறம் காலி.

மற்றவர்கள் டீ குடிக்க எழுந்து போனார்கள். சிவரஞ்சனி என் பக்கத்தில் நகர்ந்து வந்தாள். ஸ்டோரில் என்னை அத்தை என்று கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான்.

"தேவாரத்துக்காரங்கள வர வேணாம்னு வீட்ல சொல்லச் சொல்லிர்றேன் அத்தே."

அவள் முகம் இப்படி மலர்ந்து பார்த்து ரொம்ப நாளாயிற்று.

"அது கதை, ஆத்தா" என்றேன்.

"தெரியும். ஆனா, திருப்பூர் போனவுக திரும்பி வரமாட்டாகன்னா நீங்க இப்பிடி முடிச்சிருப்பீகளா?"

இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. எடுக்காமலே தெரியும், திருப்பூரிலிருந்து என் மகன் தங்கபாண்டிதான். அவளிடம் சொல்லிவிட்டாயா அம்மா என்று கேட்பான்.

நேற்று அவன் அனுப்பிய படம் அந்தப் போனில்தான் இருக்கிறது. மாலையும் கழுத்துமாக நிற்கிறான்.

படத்தில் அவன் பக்கத்தில் இருக்கும் பெண்ணின் பெயரைக்கூட நான் இன்னும் கேட்கவில்லை.